பறவைக்கு எண்ணத் தெரியாது

போன வாரம் ரொட்டிக்கடையில் பனோரியா வாயைத் திறந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதற்குள் உங்களில் பாதிப் பேர் என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிட்டதாகக் கேள்வி. கொஞ்சம் பொறுங்கள். முடிவு கட்டுகிற உரிமை முதலில் எனக்குத்தான்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்மரோ. காயலோரம் இருக்கும் மெசொலோங்கி ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் லாம்ப்ரோஸுக்கு உப்பளத்தில் பம்பு மெக்கானிக் வேலை. சம்பளத்துக்குத்தான் மெக்கானிக், மற்ற நேரமெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு காயலில் நீர்ப்பறவைகளின் பின்னால் அலைகிற ஆள். எங்களுக்கு ஒரே மகள், மெல்போ. பத்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்து ஊர் ஐதோலிகோவில் மீன்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பையன் நிகிதாஸோடு பழகினாள். இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டோம். இந்த ஞாயிறு சாயந்தரம் அவன் அப்பா அம்மா தேதி குறிக்க வருகிறார்கள். மெல்போ சாயந்தர பஸ்ஸில் வந்துவிடுவாள் என்று பேச்சு.

இத்தனை நல்ல காரியத்துக்கு நடுவில்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது.

லாம்ப்ரோஸ் எடுத்ததிலேயே சிறந்த படம் என்று சொல்லி காபிக்கடைக்காரர் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். பவளக்கால் உள்ளான் ஒன்று, சிவந்த நெட்டைக் கால்களை மடக்கி, முட்டைகள் மேல் அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கிறது. ஊரே பாராட்டியது. நான் பார்த்த நிமிஷமே இவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். பறவைக்கு எண்ணத் தெரியாது. மறைந்திருந்து படமெடுக்கக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்ட கூடாரத்துக்குள் ஒரு ஆள் தனியாக நுழைந்தால், உள்ளே இருக்கிறான் என்று அதற்குத் தெரியும். கத்திக்கொண்டே சுற்றும், லேசில் உட்காராது. இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பி நடந்தால், ஆட்கள் போய்விட்டார்கள் என்று நம்பி வந்து உட்கார்ந்துவிடும். வெளியே வருவதற்கும் அப்படித்தான். ஒருவர் வந்து கூப்பிட்டு, இரண்டு பேராகப் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் படக்காரர்கள் இதைக் ‘கொண்டுபோய் விடுவது’ என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவரைக் கொண்டுபோய் விட்டவள் நான். போன குளிர்காலத்தில் முட்டியில் ஆபரேஷன் ஆனதும் என்னால் முடியவில்லை. “பரவாயில்ல, நான் தனியாவே பாத்துக்கறேன்” என்றார்.

தனியாகப் போன ஆளுக்கு முன்னால் எந்த உள்ளானும் அரைக்கண் மூடி உட்காராது. ஆக, யாரோ கொண்டுபோய் விடுகிறார்கள். யார்?

அப்போதுதான் பனோரியா சொன்னாள். அவளும் புருஷனும் படகில் வலை எடுக்கப் போகிறவர்கள். “முட்டி சரியாயிடுச்சு போலிருக்கே. வியாழக்கிழமை காலையில உப்பளக் கரையில பச்சைக் கோட்டோட போய்க்கிட்டிருந்தியே. நடையைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன்.”

வியாழக்கிழமை காலை நான் மாவுக் கையோடு கடையில் நின்றேன்.

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், என் பச்சைக் கோட்டு ஆணியில் இல்லை. பறவை பழகிய நிறம் மாறக் கூடாது என்பதற்காக வருஷக்கணக்கில் அந்த ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். இப்போது அதை வேறு ஒருத்தி போட்டிருக்கிறாள். கோட்டையும் கொடுத்து, என் இடத்தையும் கொடுத்து, என்னிடம் தனியாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான் சந்தேகப் பிராணி கிடையாது. ஆனால் சந்தேகம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதுவாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய பிளாஸ்க்கைத் திறந்தேன். அடியில் இருந்த காபியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். தித்தித்தது. லாம்ப்ரோஸ் காபியில் சர்க்கரை போட்டு நான் பார்த்ததே இல்லை. கசப்புதான் குடிப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன்.

யாராக இருக்கும் என்று நினைக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜினோவியா. போன வருஷம் பறவைக் கணக்கெடுப்புக்கு ஏதென்ஸிலிருந்து வந்தவள். இவர் படங்களைப் பார்த்து “உங்க கண்ணே கண்ணு” என்று சொல்லி, தோளில் கை வைத்தவள். வைத்த கையை எடுக்க அவளுக்கு அவசரமே இருக்கவில்லை.

சனிக்கிழமை சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டேன், நாளைக்கும் போகிறீர்களா என்று. முட்டை பொரிகிற சமயம், போகாமல் இருக்க முடியாது என்றார். சாயந்தரம் விருந்தாளிகள் வருகிறார்களே என்றேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். யார் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். இன்னொரு பொய்யைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. காலையில் முதல் பூசைக்கு சர்ச்சுக்குப் போகிறேன் என்று நானும் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன்.

விடிவதற்கு முன்னால் அவர் வண்டி கிளம்பிய சத்தம் அடங்கியதும், ரொட்டிக்கடை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, உப்பளத்துக்குப் போகும் துர்லிதா சாலையில் போனேன். இரண்டு பக்கமும் தண்ணீர். முட்டி வலித்தது. அதைவிட நெஞ்சு வலித்தது. வழியெல்லாம் ஜினோவியாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். நல்ல நல்ல வசவுகளாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

ஸ்கூட்டரைப் பம்பு அறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, உப்புக் குவியல் மறைவில் நின்றேன். குவியல் உச்சியில் கடல்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூட்டிலிருந்து தாய் எப்போது எழும், முட்டையை எப்போது தூக்கலாம் என்று காத்திருக்கிற கூட்டம்.

வெளிச்சம் வந்தது. கரை மேல் இரண்டு பேர். முன்னால் கேமரா மூட்டையோடு லாம்ப்ரோஸ், பின்னால் என் பச்சைக் கோட்டு. தலையில் முக்காட்டை இழுத்து மூடியிருந்தாள். முகம் தெரியவில்லை. என்னைவிட ஒல்லி. வயதும் குறைவு, அது நடையிலேயே தெரிந்தது. இரண்டு பேரும் பாத்திக்குள் இறங்கி, உமரிச் செடி போர்த்திய கூடாரத்துக்குப் போனார்கள். உள்ளான்கள் எழும்பிக் கத்தின. அவர் உள்ளே நுழைந்தார். அவள் கூடாரத் துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, குனிந்த தலையோடு, அவசரமில்லாமல் திரும்பி நடந்தாள்.

எல்லாம் சரியாகச் செய்தாள். நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று பல்லைக் கடித்தேன்.

அவள் பம்பு அறை வரைக்கும் வரட்டும் என்று விட்டேன். வந்ததும் குறுக்கே போய் நின்றேன்.

“கோட்டைக் கழட்டு.”

அவள் தலையை நிமிர்த்தினாள். மெல்போ.

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூடப் பெற்ற மகளுக்குப் பொருந்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜினோவியா இல்லை. அடுத்த மூச்சில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. சாயந்தர பஸ்ஸில் வர வேண்டியவள் காலையில் உப்பளத்தில் நிற்கிறாள். உதடு வெடித்திருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது, கையெல்லாம் கொசுக்கடி. இது ஒரு நாள் வேலை இல்லை.

கேட்டேன். வேலையை விட்டுவிட்டாளாம். மூன்று வாரம் ஆகிறதாம். இங்கே பம்பு அறையில்தான் தங்கியிருக்கிறாளாம். தினமும் சாயந்தரம் எனக்கு போன் செய்து, ஆஸ்பத்திரியில் இன்று கூட்டம் என்று சொன்னது இந்தத் தகரக் கூரைக்கு அடியிலிருந்துதான். பின்னால் கடல்காக்கை கத்துகிறதே என்று ஒரு நாள் கேட்டபோது, துறைமுகத்தில் நடக்கிறேன் என்றாள். நானும் நம்பி, சளி பிடிக்கப் போகிறது, தலையில் எதையாவது கட்டிக்கொள் என்றேன்.

“அப்பாகிட்ட சொல்லத் தெரிஞ்சுதே. என்கிட்ட சொல்ல என்ன?”

அவள் கூடாரம் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். “அதை அப்பாகிட்ட கேளு.”

சரி, கேட்டுவிடுகிறேன் என்றேன். என்னை உள்ளே கொண்டுபோய் விடச் சொன்னேன். இப்போது வேண்டாம், கூட்டில் முட்டை விரிசல் விட்டிருக்கிறது என்றாள். நான் கோட்டுக்காகக் கையை நீட்டினேன். கழற்றிக் கொடுத்தாள்.

அம்மாவும் மகளுமாகக் கரை மேல் நடந்தோம். கொண்டுபோய் விடும்போது பேசக் கூடாது, கூட்டைப் பார்க்கவும் கூடாது. காலைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். அவளுக்குச் சின்ன வயதில் அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சேற்றில் என் கால் வழுக்கியபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூடாரம் வந்ததும் துணியைத் தூக்கி என்னை உள்ளே விட்டுவிட்டு, அவள் திரும்பி நடந்தாள்.

உள்ளே ஒரு ஆள் உட்காரவே இடம் போதாது. லாம்ப்ரோஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன மெல்போ, எதையாவது மறந்துட்டியா?” என்றார்.

“மெல்போ இல்ல.”

திரும்பிப் பார்த்தார். கட்டிய மனைவியிடம் மூன்று வாரம் மறைத்துப் பிடிபட்ட மனுஷன் முதலில் என்ன சொல்வான் என்று நினைக்கிறீர்கள்?

“மெதுவா பேசு, ஸ்மரோ.”

மெதுவாகத்தான் பேசினேன். வேறு வழி? கேமராவுக்காகத் துணியில் விட்டிருந்த ஓட்டைக்கு வெளியே, நான் கையை நீட்டினால் எட்டிவிடும் போல அந்தக் கூடு இருந்தது. தாய் உள்ளான் அதற்குள் திரும்பி வந்துவிட்டது. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைகள் மேல் உட்கார்ந்தது. வெயில் ஏற ஏற அது அப்படித்தான் முட்டையைக் குளிர வைக்கும். முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. தாயும் குனிந்து ஏதோ முணுமுணுத்தது.

கல்யாண வாழ்க்கையில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். தட்டு உடைந்திருக்கிறது. முழுச் சண்டையையும் கிசுகிசுப்பாகப் போட்டது அன்றைக்குத்தான்.

எங்கே படுக்கிறாள் என்று கேட்டேன். பம்பு அறையில் கட்டில் போட்டிருக்கிறாராம். கொசுவுக்கு என்ன என்றேன். வலை கட்டியிருக்கிறாராம். என்ன சாப்பிடுகிறாள் என்றேன். நான் மத்தியானத்துக்குக் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டில் பாதியாம். பிளாஸ்க்கில் தித்தித்த காபியும் அவளுக்குத்தானாம். ஏன் இப்போதெல்லாம் இவ்வளவு பசிக்கிறது என்று நான் கூடுதலாக வைத்துக் கட்டியதை நினைத்தேன். என் மகளுக்கு நானே சோறு போட்டிருக்கிறேன், எனக்குத்தான் தெரியாது.

அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“என்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னது யாரு? அவளா, நீங்களா?”

அவர் லென்ஸ் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “வந்த அன்னிக்கே அம்மாவைப் பாக்கணும்னுதான் சொன்னா. நான்தான் கொஞ்சம் பொறுன்னு சொன்னேன்.”

“எதுக்கு?”

பதில் வருவதற்கு முன்னால் அவருடைய கண் கூட்டுக்குப் போயிற்று. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

“முட்டை பொரியட்டும்னு.”

பிறகு மளமளவென்று சொன்னார். என்னிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிடுவேனாம். அப்புறம் இவரைக் கொண்டுபோய் விட யார் இருக்கிறார்கள்? இத்தனை வருஷத்தில் ஒரு உள்ளான் இவ்வளவு பக்கத்தில் கூடு கட்டியதில்லையாம். பொரிந்ததும் குஞ்சுகள் எழுந்து ஓடிவிடும், அதற்குப் பிறகு என்னிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தாராம். ஒரு கெட்ட எண்ணமும் கிடையாதாம்.

ஜினோவியாவாக இருந்திருந்தால் எனக்கு யாரைத் திட்டுவது என்றாவது தெரிந்திருக்கும்.

கூடாரத்தைத் தாங்கிய கம்பி என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பிடித்தேன். எழுந்து நின்றால் போதும், எல்லாம் சரிந்துவிடும். பறவை பறந்துவிடும், குவியல் மேல் இருக்கிற கடல்காக்கைகள் வந்துவிடும், மூன்று வாரப் பொய்யும் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். அவர் என் கையைப் பார்த்தார். “வேண்டாம்” என்று உதடு மட்டும் அசைந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு முட்டையின் தலைப்பக்கம் உடைந்து, ஈரமான ஒரு குஞ்சு வெளியே விழுந்தது.

படக்.

படம் எடுத்துவிட்டார். நான் அழுதுகொண்டிருக்கும்போது. கை தானாகப் போய்விட்டது என்று அப்புறம் சத்தியம் பண்ணினார். நம்புகிறேன். தானாகப் போயிற்றே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கம்பியிலிருந்து கையை எடுத்தேன். அவருக்காக எடுக்கவில்லை. தாய் அந்தக் குஞ்சை இறகுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, மிச்ச முட்டைகளின் மேல் உடம்பைப் பரப்பி உட்கார்ந்திருந்தது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு மெல்போ கூப்பிட வந்தாள். துணியைத் தூக்கினாள். லாம்ப்ரோஸ் லென்ஸைக் கழற்றி மூட்டை கட்ட ஆரம்பித்தார். நான் அவருடைய தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

“வந்தது ஒருத்தி. போறது ரெண்டு பேரு. பறவைக்கு அது போதும்.”

“அப்ப நான்?”

“நீங்க இருங்க. மிச்ச முட்டையும் பொரியட்டும்.”

தனியாக வெளியே வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆளில்லாத கூடாரத்திலிருந்து திடீரென்று ஒரு மனுஷன் முளைத்தால் உள்ளான் கிலியடித்துப் போகும், லேசில் திரும்பாது. அந்த வெயிலில் ஈரக் குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? எனக்குத் துரோகம் செய்வார், பறவைக்குச் செய்ய மாட்டார். சாயந்தரம் விருந்தாளிகள் வருகிறார்களே, யார் வந்து கூட்டிப் போவீர்கள் என்று கேட்டார். உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருங்கள் என்றேன். ஆனாலும் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளிவிட்டுத்தான் வந்தேன்.

கரை ஏறிப் பம்பு அறையைத் தாண்டும் வரைக்கும் நாங்கள் பேசவில்லை. பேசலாம் என்கிற தூரம் வந்ததும், அப்பா கொஞ்ச நேரம் வெயிலில் வேகட்டும், தப்பில்லை என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“வேலையை ஏன் விட்டேன்னு அப்பா உன்கிட்ட சொன்னாரா?” என்றாள்.

சொல்லவில்லை என்றேன்.

“அவருக்குத் தெரியாது. மூணு வாரமா தினமும் காலையில கொண்டுவந்து விட்டிருக்கேன். ஒரு தடவைகூடக் கேக்கலம்மா. முதல்ல அது நிம்மதியா இருந்துச்சு. நீயா இருந்தா வாசல்லயே நிறுத்திக் கேட்டிருப்ப. அப்புறம் ராத்திரி அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு, யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு.”

நான் நின்றுவிட்டேன். முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “சொல்லு. என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன்.

அவள் சாலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“முதல்ல வீட்டுக்குப் போயி, சாயந்தரம் வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லும்மா. நிகிதாஸ் மட்டும் தனியா வந்து நின்னான்னா, கதவைத் திறக்காத.”